பல் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாற்காலி?

என் தங்கை மகள் பல் டாக்டர். போன தை மாதம் முத்தியால்பேட்டையில் சொந்தமாக ஒரு கிளினிக் திறந்தாள். ஒரே ஒரு நாற்காலிதான். அந்த ஒரு நாற்காலிக்காக எங்கள் குடும்பத்தில் ஆறு மாதம் சண்டை நடந்தது. என் தங்கை வீட்டுக்காரர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தீபாவளிக்கு வந்தவர் காபியைக் குடித்துவிட்டு, டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

சண்டைக்குக் காரணம் நான்தான். வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். ஏன் மாட்டேன் என்றேன் என்பதை வீட்டில் யாரும் முழுசாகக் காது கொடுத்துக் கேட்கவில்லை. இங்கே எழுதினால் குறுக்கே பேச ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் என் கட்சி இதுதான். புதிதாகப் பல் ஆஸ்பத்திரி வைக்கிற பிள்ளைகள் எவ்வளவு பெரிதாகத் தொடங்கலாம் என்று கேட்கக் கூடாது. எவ்வளவு சிறிதாகத் தொடங்க முடியும் என்றுதான் கேட்க வேண்டும். பெரிய கடன் வாங்கித் திறந்தால், அந்தக் கடனை அவர்கள் வேறெங்கும் போய்ச் சம்பாதித்துக் கட்ட முடியாது. நம் வாய்க்குள்ளேதான் தேட வேண்டும்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 'சேன்கியேம்' வகுப்பில், அதாவது இங்கே ஏழாம் வகுப்பு, எங்கள் முசே ஒருநாள் ஒரு பழமொழி சொல்லிக்கொடுத்தார். 'மாந்த்திர் கோம் அன் அராஷர் து தான்'. பல் பிடுங்குகிறவன் போலப் பொய் சொல்வது என்று அர்த்தம். அந்தக் காலத்துப் பாரிஸில் போன் நெஃப் பாலத்தின் மேல் பல் பிடுங்குகிறவர்கள் நம் ஊர் மோடி மஸ்தான் மாதிரிக் கூட்டம் கூட்டித் தொழில் செய்தார்களாம். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லி உட்கார வைப்பார்களாம். உட்கார்ந்தவன் அலறுகிற சத்தம் அடுத்து நிற்கிறவனுக்குக் கேட்காமலிருக்க மேளம் அடிப்பார்களாம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். 1728-ல் பியேர் ஃபோஷார் என்பவர் பல் வைத்தியத்தைப் பற்றி இரண்டு பாகமாகப் பெரிய புத்தகம் எழுதினார். சந்தைத் தொழிலாக இருந்ததை மருத்துவமாக மாற்றியவர் என்று இன்றும் உலகமெங்கும் அவரைத்தான் சொல்கிறார்கள். போலிகள் செய்த தந்திரங்களையும் அவர் அதில் வெளியே போட்டு உடைத்தார்.

இப்போது "வலிக்காது" என்பது பொய்யில்லை. மரத்துப்போகிற ஊசி இருக்கிறது. இன்றைய பொய் வேறு. "இந்தப் பல்லுக்கு இது கண்டிப்பா வேணும் சார்" என்பதுதான் அது. சொல்கிறவர் வேண்டுமென்றே சொல்கிறார் என்றும் நான் சொல்ல மாட்டேன். மாதத் தவணை அவரைச் சொல்ல வைக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன் எனக்குக் கீழ்ப்பக்கம் ஒரு பல் கூசியது. ஊருக்குள் ஒரு பெரிய இடத்தில் 'இலவசப் பரிசோதனை' என்று பேனர் கட்டியிருந்தார்கள். ஓய்வூதியக்காரனுக்கு இலவசம் என்ற சொல் நன்றாகத் தெரியும், போனேன். சோபா, கண்ணாடிக் கதவு, ஏ.சி. குளிர், தண்ணீருக்குப் பதிலாகப் பழச்சாறு. வாய்க்குள் சின்னக் கேமராவை விட்டு என் பல்லை டி.வி. அளவுக்குப் பெரிதாகக் காட்டினார்கள். எழுபதை நெருங்கியவன் பல்லை அவ்வளவு பெரிதாகக் காட்டினால் எதுதான் நன்றாக இருக்கும்? கடைசியில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். நான்கு வேர் சிகிச்சை, ஆறு கேப், மொத்தம் 52,000 ரூபாய். "தவணையிலும் கட்டலாம் சார்" என்றாள் அந்தப் பெண், மிகவும் மரியாதையாக.

மறுநாள் கோரிமேட்டில் இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். மூன்று மணி நேரம் வரிசை. பயிற்சிப் பையன் ஒருவன் பார்த்தான், அப்புறம் அவனுடைய பேராசிரியர் பார்த்தார். இரண்டு பல்லை அடைத்தால் போதும், மூன்றாவது ஒன்றை ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். அந்த மூன்றாவது பல் இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறது.

இதைப் பிற்பாடு தங்கை மகளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அப்போது அவள் படிப்பு முடித்து, ஒரு கிளைகள் உள்ள பல் ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு இருந்தாள். "அந்த டாக்டரைத் திட்டாதீங்க மாமா. எனக்கும் டார்கெட் இருக்கு. மாசத்துக்கு இத்தனை ரூட் கெனால்னு போர்டுல எழுதி வச்சிருக்காங்க. இருபத்தஞ்சாம் தேதிக்கு மேல வர்ற பேஷண்ட்டோட எக்ஸ்ரேவைப் பார்க்கும்போது எனக்கே என் கண்ணு மேல நம்பிக்கை இல்ல" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து வருஷம் படித்த பெண், தன் கண் தேதியைப் பார்த்து வேலை செய்கிறது என்கிறாள்.

அதனால்தான் சொந்தமாக வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அது நல்ல ஆசை. ஆனால் அவள் அப்பா போட்ட திட்டம், அவள் எதைவிட்டு ஓடிவந்தாளோ அதையே அவள் பெயரில் கட்டிக் கொடுப்பதாக இருந்தது.

நூறடிச் சாலையில் இடம். மூன்று நாற்காலி. முழுத் தாடையையும் படம் பிடிக்கிற எக்ஸ்ரே. ஃபால்ஸ் சீலிங், வெளியே ஒளி விடுகிற போர்டு. வீட்டை அடமானம் வைத்து 35 லட்சம் கடன், நான் ஜாமீன். "மச்சான், கடை பெரிசா இருந்தாத்தான் ஜனம் உள்ள வரும். சின்னதா வச்சா புதுசு, அனுபவம் இல்லன்னு நினைப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அவர் துணி வியாபாரம் செய்தவர். துணிக்கடைக்கு அது சரி. கடை பெரிதென்பதால் தேவையில்லாமல் ஒரு புடவை வாங்கினால் அது பீரோவில் கிடக்கும். தேவையில்லாமல் பல்லைக் குடைந்துவிட்டால் திரும்ப வராது.

முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதிய கை சும்மா இருக்குமா? அன்றிரவே ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 35 லட்சத்துக்கு 11 சதவீதம் வட்டி, ஏழு வருஷம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 60,000. வாடகை 45,000. உதவிக்கு இரண்டு பேர், முன்னால் உட்கார ஒரு பெண், மூவருக்கும் சேர்த்து 35,000. மின்சாரம் 12,000. ஆக 1,52,000. மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு 5,850 ரூபாய். இது அவள் கைக்கு ஒரு ரூபாய் வருவதற்கு முன்னால். மருந்து, பசை, கேப் செய்கிற லேப் கூலி எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

ஒரு பல் அடைத்தால் ஆயிரம், சுத்தம் செய்தால் எண்ணூறு என்று வாங்குகிற ஊரில், புதிய டாக்டருக்கு முதல் வருஷம் நாளைக்கு நாலு பேர் வந்தால் அதிர்ஷ்டம். ஆகவே ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் வாயில் வேர் சிகிச்சைக்கும் கேப்புக்கும் உரிய பல் ஒன்று இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாள் நஷ்டம். தாளை அவளிடம் கொடுத்தேன். "டார்கெட் போர்டை நீயே உன் சுவத்துல மாட்டப் போறியாம்மா?" என்று கேட்டேன். அவள் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. தன் பெண் திருடப் போகிறாள் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டார். நான் சொன்னது அதுவல்ல. நல்ல பெண்ணைத் திருட வேண்டிய இடத்தில் உட்கார வைக்காதீர்கள் என்றுதான் சொன்னேன்.

எனக்கு மாதச் சம்பளம். ஒரு கோப்பு பார்த்தாலும் அதே சம்பளம், பத்துப் பார்த்தாலும் அதே சம்பளம். அதனால் நாங்கள் சோம்பேறிகள் என்று பெயர் வாங்கினோம், அதில் பாதி உண்மையும் உண்டு. ஆனால் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற ஆளிடம் "உங்களுக்கு இந்த விண்ணப்பமே தேவையில்லை, வீட்டுக்குப் போங்க" என்று சொல்ல எனக்கு எந்தச் செலவும் ஆகவில்லை. பல் டாக்டருக்கு அந்த வாக்கியம் ஒவ்வொரு தடவையும் காசு. கோரிமேட்டுப் பேராசிரியரால் என்னிடம் அதைச் சொல்ல முடிந்ததும் அவர் சம்பளக்காரர் என்பதால்தான். அரசு இன்னும் பத்து சுகாதார நிலையங்களில் பல் டாக்டர் பணியிடம் போட்டால், படித்து முடிக்கிற பிள்ளைகள் எல்லோரும் கடை திறக்க ஓட வேண்டியதில்லை. அது நம் கையில் இல்லை.

அப்படியானால் எதற்குச் செலவு செய்யலாம்? இதில் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். அவள் பட்டியல் போடும்போது கூடவே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, நாற்காலியைவிட முக்கியம் ஏரோட்டர். கீச்சென்று சத்தம் போட்டுப் பல்லைக் குடைகிறதே, அந்தக் கருவி. காற்றழுத்தத்தில் சுழல்கிறது. நிறுத்துகிறபோது வாயில் இருக்கிற எச்சிலையும் ரத்தத்தையும் கொஞ்சம் தனக்குள் இழுத்துக்கொள்ளும். வெளியே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் உள்ளே இருப்பது போகாது. அதை ஆட்டோகிளேவில், அதாவது நீராவி அழுத்தக் கொப்பரையில், வைத்துத்தான் எடுக்க வேண்டும். 134 டிகிரி சூடு. சூடு நிற்க வேண்டியது சில நிமிஷம்தான், ஆனால் சூடேறி, ஆறி, உலர்ந்து வெளியே வர முக்கால் மணி நேரம் ஆகிவிடுகிறது. இப்போது யோசியுங்கள். மூன்று நாற்காலி வைத்து, மொத்தமே இரண்டு ஏரோட்டர் வைத்திருக்கிற இடத்தில் அடுத்த ஆள் வாய்க்குள் என்ன போகிறது?

இவள் ஒரு நாற்காலிக்கு நான்கு ஏரோட்டர் வாங்கினாள். ஆட்டோகிளேவிலும் மட்டம் பார்க்கவில்லை. குழாய் போன்ற கருவிகளுக்கு உள்ளே காற்று தங்கினால் நீராவி நுழையாதாம். முதலில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிறகு நீராவி விடுகிற வகையைத்தான் வாங்க வேண்டும் என்று நின்றாள். 1,15,000 ரூபாய். நாற்காலி 2,40,000. அவள் அப்பா, "ஆட்டோகிளேவு பின்னால் ரூமுல இருக்கும், எவன் கண்ணுலயும் படாது. அந்தக் காசுக்கு முன்னால கண்ணாடி போடலாம்" என்றார். எனக்கு அங்கேதான் முழு விஷயமும் புரிந்தது. ஒரு பல் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு நல்லது செய்வது எல்லாம் அவன் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. அவன் கண்ணில் படுவதற்குச் செய்கிற செலவெல்லாம் அவன் தலையில் விழுகிறது.

தண்ணீரும் அப்படித்தான். உப்புத் தண்ணீரை விட்டால் கருவிக்குள் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும், ஆட்டோகிளேவும் கெடும். நாற்காலிக்கென்று தனியாகச் சுத்தத் தண்ணீர்ப் புட்டி வைத்திருக்கிறாள். கம்ப்ரசர் எண்ணெய் ஊற்றாத வகை. எண்ணெய் வகை மலிவு, ஆனால் காற்றோடு எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் அடைத்த பசை பல்லில் ஒட்டாது என்றாள்.

இடம் தேடியதில் மட்டும் அவளுக்கு என் அனுபவம் உதவியது. முதலில் பார்த்தது மாடியில், வாடகை ஏழாயிரம். பல் வலிக்காரர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள், மாடி ஏறச் சொல்லாதே என்றேன். அப்புறம் கிடைத்தது முத்தியால்பேட்டையில் தரைத் தளம், தெருவைப் பார்த்த இரண்டு அறை, 12,000. பல் நாற்காலியைச் சும்மா கொண்டுவந்து போட முடியாது. தண்ணீர், கழிவுநீர், காற்று, மின்சாரம் நான்கும் தரைக்கு அடியில் குழாய் போட்டு நாற்காலிக்குக் கீழே வர வேண்டும். தரையை உடைக்க வேண்டும். வீட்டுக்காரர் வழக்கம்போலப் பதினொரு மாத ஒப்பந்தம் என்றார். தரையை உடைத்து 90,000 செலவு செய்தபின் பன்னிரண்டாம் மாதம் காலி பண்ணு என்றால் குழாயைப் பிடுங்கிக்கொண்டா போக முடியும்? ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். செலவானாலும் பரவாயில்லை, ஐந்து வருஷத்துக்கு எழுதிப் பதிவு செய்ய வைத்தேன். தரையை உடைக்கச் சம்மதம் என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன். எழுத்தர் வேலை பார்த்ததற்கு அந்த ஒரு வரி போதும்.

மற்ற காகிதங்களை விரிவாக எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு, நகராட்சி உரிமம், எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு, மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் அனுமதி. பிடுங்கிய பல் மஞ்சள் பை, ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பா, பிளாஸ்டிக் சிவப்புப் பை என்று 2016 விதிகள் சொல்கின்றன. கழிவை எடுத்துப் போகிற நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேறு. ஒரு சின்ன கிளினிக்குக்கு இவ்வளவா என்று அவள் அலுத்துக்கொண்டாள். நான் அலுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் எங்கேயோ ஒரு குழந்தை குப்பையில் ஊசி குத்திக்கொண்ட கதை இருக்கும்.

ஆனால் ஒரு தாளைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் 2010-ல் வந்தது. டெல்லி தவிர்த்த யூனியன் பிரதேசங்களுக்கு 2012 முதல் அமலில் இருக்கிறது. அதன் விதிகளில், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கட்டணம் என்பதை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. நான் இத்தனை வருஷம் ஏறி இறங்கிய எந்தத் தனியார் பல் ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு பலகையைப் பார்த்த ஞாபகமில்லை. ஓட்டலில் இட்லி விலை சுவரில் இருக்கிறது, சலூனில் முடிவெட்டும் விலை இருக்கிறது. "கட்டாயம் பலகை வைக்கணும்மா, தமிழ்ல பெரிய எழுத்துல" என்றேன். வைத்தாள்.

இதுவரை எழுதியதைப் பார்த்தால் எல்லாம் என் புத்திசாலித்தனம் போலத் தெரியும். அப்படி இல்லை. இரண்டு விஷயத்தில் நான் சொன்னது தவறு.

ஒன்று, எக்ஸ்ரே. சின்ன கிளினிக்குக்கு எதற்கு 1,80,000 செலவில் எக்ஸ்ரேவும் கம்ப்யூட்டரும், வெளியே எடுத்துவரச் சொல்லலாமே என்றேன். அவள் ஒரு படத்தைக் காட்டினாள். மேலே பார்த்தால் முத்துப் போல இருக்கிற பல், பக்கத்துப் பல்லோடு ஒட்டுகிற இடத்தில் உள்ளே சொத்தை ஓடியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. "இதை இப்பவே பார்த்தா ஆயிரம் ரூபாயில அடைச்சிடலாம். பார்க்காம விட்டாத்தான் ரூட் கெனால் ஆகும் மாமா" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்று பெரிய தவறு. பார்க்கும் கட்டணம் வாங்காதே, புது கிளினிக், பரிசோதனை இலவசம் என்று வை, ஜனங்கள் வருவார்கள் என்றேன். 52,000 ரூபாய்த் தாளை வாங்கிய நானே இதைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. "இலவசமாப் பார்த்தா, அந்த நேரத்துக்குக் காசு வேற எங்கேருந்து வரும்? ஏதாவது செய்தாத்தான் காசு. இருநூறு ரூபா வாங்கினா, 'உங்களுக்கு ஒண்ணும் இல்ல, போயிட்டு வாங்க'ன்னு சொல்லியும் என்னால வாழ முடியும்" என்றாள். நான் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுச் சொல்ல முயன்றதை அந்தப் பெண் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். ஆகவே உங்களுக்கும் சொல்கிறேன். பல் டாக்டரிடம் போனால் பார்க்கும் கட்டணம் கேட்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். அந்த இருநூறு ரூபாய், "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்ற பதிலுக்கு நாம் கொடுக்கிற விலை.

மொத்தம் ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. அவள் சேமிப்பும் என் தங்கை கொடுத்ததும் போக, ஐந்து லட்சம் கடன். இதில் ஒரு வேடிக்கை. 35 லட்சம் என்றபோது வங்கியிலிருந்து ஆளே வீட்டுக்கு வந்து காபி குடித்தார். ஐந்து லட்சம் என்றதும் ஆறு தடவை அலைய விட்டார்கள். அந்தக் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஐந்து வருஷம், மாதம் 10,900 தவணை. வாடகை, ஒரு உதவிப் பெண்ணுக்குப் பத்தாயிரம், மின்சாரம் நாலாயிரம் எல்லாம் சேர்த்து நாளைக்கு 1,420 ரூபாய் வந்தால் கதவு திறந்திருக்கும்.

சிறிதாகத் தொடங்குவதில் கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் இரண்டு மாதம் பல நாள் இரண்டே பேர். ஒருநாள் யாருமே வரவில்லை. அவள் ஈ ஓட்டவில்லை, எல்லாக் கருவியையும் மறுபடி கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள் என்று உதவிப் பெண் சொன்னாள். சித்திரையில் கம்ப்ரசர் கெட்டு நான்கு நாள் கிளினிக்கே நின்றது. இரண்டாவது இருந்தால் நின்றிருக்காது. அவள் அப்பா அந்த நான்கு நாளும் எங்கள் தெருப் பக்கம் இரண்டு தடவை நடந்து போனார். ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் ஒருவர் வந்து, நோயாளிகளை அனுப்புகிறேன், ஆளுக்கு இவ்வளவு கமிஷன் கொடுங்கள் என்று கேட்டாராம். 2014-ல் வந்த பல் மருத்துவர் நன்னடத்தை விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன, ஆனால் வாடகை நாள் நெருங்கும்போது விதி ஞாபகத்துக்கு வருமா? 1,420 ரூபாய்க்காரிக்கு வந்தது. 5,850 ரூபாய்க்காரியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளே யோசித்துப் பார்த்ததாகச் சொன்னாள். பதில் சொல்லவில்லை.

இப்போது நாளைக்கு ஐந்து, ஆறு பேர் வருகிறார்கள். பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர்கள். "ஒண்ணும் இல்லன்னு திருப்பி அனுப்பிச்சாம்மா அந்தப் பொண்ணு" என்று ஒரு பூக்கார அம்மா மார்க்கெட்டில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அந்த நாலு பேரில் இரண்டு பேர் வந்தார்களாம்.

போன வாரம் எனக்கு மேல் கடைவாய்ப் பல்லில் ராத்திரி முழுக்க வலி. போனேன். படம் எடுத்தாள், திரையைத் திருப்பி எனக்குக் காட்டினாள். சொத்தை நரம்பு வரைக்கும் போய்விட்டது, வேர் சிகிச்சைதான் என்றாள். கோரிமேட்டுக்குப் போய் இன்னொருவரைக் கேட்கட்டுமா என்று பாதி விளையாட்டாகக் கேட்டேன். "போய்க் கேட்டுட்டு வாங்க மாமா, படத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்று நிஜமாகவே பிரதி எடுத்துக் கையில் கொடுத்தாள். நான் போகவில்லை, வலி விடவில்லை. மூன்று தடவை வரச் சொன்னாள். எவ்வளவு என்று கேட்டேன். 4,000 என்றாள். "தாய்மாமனுக்கு ஏதாவது குறைச்சுக்க மாட்டியா?" என்றேன். முகக்கவசத்தைக் கழற்றாமலே சுவரில் இருந்த பலகையைக் கைகாட்டினாள்.